அட்டவணையில் பஸ்ஸுக்கு ஒரு வரி

ஓர் ஊருக்கு மெட்ரோ வேண்டுமா, மோனோ ரயில் போதுமா, பஸ்ஸுக்குத் தனி லேன் போட்டுச் சமாளிக்கலாமா என்று முடிவெடுக்கும் முன்பு ஓர் அறிக்கை தயாராகும். மாற்று வழிகள் ஆய்வு என்று அதற்குப் பெயர். 2017இல் மத்திய அரசின் மெட்ரோ ரயில் கொள்கை வந்த பிறகு இந்த ஆய்வு இல்லாமல் டெல்லிக்குக் கோப்பு அனுப்ப முடியாது. அதற்கு முன்பும் இந்த வேலை வேறு வேறு பெயர்களில் நடந்துகொண்டுதான் இருந்தது. என் வேலைக்காலம் முழுக்கச் சென்னையில் இந்தத் தொழிலில்தான் போயிருக்கிறது. சாலையோரம் நின்று வண்டி எண்ணும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு எண்ணியதைக் கணினியில் ஏற்றினேன். அதன்பின் அந்த எண்களை வைத்து அறிக்கை எழுதுகிறவன் ஆனேன்.

எல்லா அறிக்கைகளிலும் ஓர் ஒப்பீட்டு அட்டவணை இருக்கும். அதில் மெட்ரோ, லைட் ரயில், மோனோ ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு எப்படி ஓடப்போகிறது என்ற கணக்கு எழுதப்படும்: புது வண்டி, மூன்று நிமிடத்துக்கு ஒன்று, குளிர்சாதனம், சரியான நேரம். பஸ்ஸுக்கு மட்டும் இன்றைக்கு எப்படி ஓடுகிறதோ அந்தக் கணக்கு. எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் ஏற முடியாது, ஏறினால் டிராஃபிக்கில் ஊரும். காலைக் கட்டிவிட்டு ஓட்டப் பந்தயத்தில் நிறுத்துவதைப் போன்றது இது. முடிவு என்னவாக வரும் என்பது அட்டவணையைப் போடும்போதே தெரிந்துவிடும். நான் மெட்ரோவுக்கு எதிரி இல்லை. சென்னைக்கு அது தேவைப்பட்டது, இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் ஒவ்வொரு வழியையும் அதன் முழு பலத்தோடு வைத்து ஒப்பிட்டால்தான் அது ஆய்வு. பஸ் அப்படி வைக்கப்பட்டதை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

வண்டி எண்ணும் இடத்திலிருந்தே இது தொடங்குகிறது. நான்கு சாலை சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் ஆள் நிற்போம். கையில் அட்டை, அதில் கிளிப் போட்ட படிவம். கார், ஆட்டோ, டூவீலர், வேன், பஸ், லாரி, சைக்கிள் என்று கட்டங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு வரிசை. நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு கிழித்தால் ஐந்து. இப்போது கேமரா வைத்துக் கணினியே எண்ணிவிடுகிறது. எண்ணிய வண்டிகளை அப்படியே கூட்டுவதில்லை. எல்லாவற்றையும் காராக மாற்றுவோம். பி.சி.யூ. என்று சொல்வோம். கார் 1. டூவீலர் அரை முதல் முக்கால். பஸ் கிட்டத்தட்ட 3. சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கான எண் அது. சாலை அகலத்தைக் கணக்குப் போட அது சரியான அளவுதான். ஆனால் தாளைக் கூட்டி முடிக்கும்போது, 70 பேரை ஏற்றி வந்த பஸ் மூன்று கார் அளவு இடைஞ்சலாக மாறியிருக்கும். அந்த 70 பேர் தாளில் எங்கேயும் இருக்க மாட்டார்கள்.

அவர்களைப் பிடிக்கத் தனியாக ஒரு கணக்கெடுப்பு உண்டு. ஓடுகிற பஸ்ஸைப் பார்த்து உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். தலை எண்ண நேரம் கிடைக்காது. அதனால் ரகம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து வைத்திருப்போம். சீட் பாதி காலி. சீட் எல்லாம் நிறைந்திருக்கிறது. நிற்கிறார்கள், ஆனால் எதிர்ப்பக்க ஜன்னல் தெரிகிறது. எதிர்ப்பக்க ஜன்னல் தெரியவில்லை. படிக்கட்டில் ஆள். எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்க்கும் இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். பஸ் திருப்பத்தில் மெதுவாகும் அந்த இரண்டு நொடி போதும் அவருக்கு. சென்னையின் பெரிய சாலை எதையாவது எடுத்து இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டிக் கணக்கில் பஸ் கொஞ்சம்தான். ஆள் கணக்கில் அது எங்கேயோ போய்விடும். கூட்டத்தில் எந்தத் தாளை முதலில் மேஜைமேல் விரிக்கிறார்கள் என்பதைப் பார்த்தே, பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடலாம்.

சாலையில் எண்ணுவது ஒரு பாதிதான். இன்னொரு பாதி வீடு வீடாகப் போவது. ஊரைச் சின்னச் சின்ன மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் உள்ளவர்கள் நேற்று எங்கே, எத்தனை மணிக்கு, எதில் போனார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். கண்ணகி நகரில் ஒரு வீட்டு வாசலில் நடந்த பேச்சு இது.

"நேத்து எங்கெங்கக்கா போனீங்க?"

"நான் எங்க தம்பி போனேன்? வீட்லதான் இருந்தேன்."

"காலையில?"

"பையன ஸ்கூல்ல விட்டுட்டு வந்தேன்."

"அப்புறம்?"

"ரேஷன் கடைக்குப் போனேன். வர்ற வழியில அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். சாயங்காலம் போய்ப் பையனக் கூட்டிட்டு வந்தேன். இதையெல்லாமா எழுதுவாங்க?"

எழுத வேண்டும். பள்ளிக்குப் போனது, திரும்பியது, ரேஷன் கடை, அங்கிருந்து மருந்துக் கடை, அங்கிருந்து வீடு, மறுபடி பள்ளி, மறுபடி வீடு. ஏழு பயணம். முதல் பதிலோடு திருப்தி அடைந்து எழுந்துவிடும் ஆள் 'பயணம் இல்லை' என்று கட்டத்தை நிரப்பிவிடுவான். இப்படி நிரப்பிய கட்டங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் நடந்து போகிறவர்கள் ஊரிலிருந்தே காணாமல் போவார்கள். 2008 வாக்கில் சென்னைப் பெருநகருக்கு எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்வில், மொத்தப் பயணங்களில் கால் பங்குக்கும் மேல் நடந்தே போகிறவை என்று வந்தது. அது வந்ததற்குக் காரணம், பொறுமையாக இரண்டாவது கேள்வியும் மூன்றாவது கேள்வியும் கேட்ட ஆட்கள்.

அதே தெருவில் வீட்டு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர். கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டிலிருந்து நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுவந்து குடிவைத்த இடம். இவர் முன்பு மயிலாப்பூர்ப் பக்கம் இருந்தார், வேலை இன்னும் அங்கேதான். விடியற்காலையில் கிளம்புகிறார். நேராகப் போகும் பஸ் வந்தால் அதில். வராவிட்டால் ஷேர் ஆட்டோவில் மெயின் ரோட்டுக்கு வந்து அங்கே இன்னொரு பஸ். பஸ் வரவில்லை என்று தெரிந்துகொள்ளவே அரை மணி நேரம் நிற்க வேண்டும். எங்கள் கணினி மாதிரியில் இவர் ஒரு புள்ளி. இவருடைய ஒரு மணி நேரத்துக்கு நாங்கள் ஒரு விலை போடுவோம். கார்க்காரரின் ஒரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. அது இதைப்போலப் பல மடங்கு.

இந்த விலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு திட்டத்தால் எத்தனை பேருக்கு எத்தனை நிமிடம் மிச்சமாகிறது என்று பார்ப்போம். அந்த நிமிடங்களை ரூபாயாக மாற்றுவோம். எரிபொருள் மிச்சம், விபத்துக் குறைவு, காற்று மாசு குறைவு ஆகியவற்றையும் ரூபாயாக்கிச் சேர்ப்போம். செலவோடு ஒப்பிட்டுப் பொருளாதார வருவாய் விகிதம் எடுப்போம். 2017 கொள்கைப்படி மெட்ரோவுக்கு அது 14 சதவீதமாவது இருக்க வேண்டும். நேரத்தின் விலையைச் சம்பளத்தை வைத்துப் போட்டால், கார்க்காரருக்குப் பத்து நிமிடம் மிச்சம் செய்யும் மேம்பாலம் பெரிய லாபமாகத் தெரியும். வீட்டு வேலைக்குப் போகும் நூறு பேருக்கு அரை மணி நேரம் மிச்சம் செய்யும் பஸ் சின்ன லாபமாகத் தெரியும். எல்லோர் நேரத்துக்கும் ஒரே விலை போட்டு இன்னொரு முறை கணக்கிட்டு, இரண்டையும் அறிக்கையில் வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். சில இடங்களில் ஒத்துக்கொண்டார்கள். சில இடங்களில் பின்னிணைப்புக்குத் தள்ளினார்கள். ஆனால் அந்த இரண்டாவது கணக்கு எங்கே இருந்தாலும், படிக்கிற அதிகாரிகளில் ஒருவராவது அதைப் பற்றிக் கேட்பார். அந்தக் கேள்வி எழுவதே எனக்குப் போதுமான பலன்.

இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்பு கட்டணத்தையும் நேரத்தையும் எடைபோட்டு மக்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நாங்கள் கட்டிய சூத்திரங்கள் எல்லாம் அன்றோடு பழசாகிவிட்டன. பயணிகளில் ஒரு பெரும் பகுதிக்குப் பஸ் கட்டணம் பூஜ்யம். அவர்களை மெட்ரோவுக்கு மாற்ற எத்தனை நிமிடம் மிச்சம் காட்ட வேண்டும் என்பதைப் புதிதாகக் கேட்டுத்தான் அறிய முடியும். பழைய சூத்திரத்தில் புது எண்களைப் போட்டு வந்த எந்தப் பயணிகள் மதிப்பீட்டையும் நான் நம்புவதில்லை.

சரி, நேரக் கணக்கையே ஒரு முறை கையால் போட்டுப் பார்க்கலாம். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கும் கணக்கு இதுதான். ஒருவருக்கு வீட்டிலிருந்து வேலை 8 கி.மீ. பஸ் மணிக்கு 15 கி.மீ. வேகம். நிறுத்தத்துக்கு நடை 5 நிமிடம், காத்திருப்பு 10, பஸ்ஸில் 32, இறங்கி நடை 5. மொத்தம் 52. மெட்ரோ நிலையங்களில் நின்று நின்று ஓடினாலும் 34 கி.மீ. வேகம் பிடிக்கும். ஆனால் நிலையம் தூரம். நடை 15 நிமிடம், படி ஏறிப் பையைச் சோதித்துப் பிளாட்பாரம் சேர 4, காத்திருப்பு 4, ரயிலில் 14, வெளியே வர 3, நடை 12. கூட்டிப் பாருங்கள், அதுவும் 52. வண்டியின் வேகம் இரண்டு மடங்குக்கு மேல், வீட்டு வாசலிலிருந்து வேலை வாசல் வரை ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

இப்போது தூரத்தை 20 கி.மீ. ஆக்குங்கள். பஸ் 100 நிமிடம், மெட்ரோ 73. அங்கே மெட்ரோ ஜெயிக்கிறது. இணைப்பு பஸ் ஒன்றை நிலையத்துக்கு விட்டால் இன்னும் நன்றாக ஜெயிக்கும். மூன்றாவதாக, அதே 8 கி.மீ.க்குப் பஸ்ஸின் கட்டை அவிழ்த்துவிடுங்கள். நெரிசல் நேரத்தில் தனி லேன், அதனால் வேகம் 22 கி.மீ. அடிக்கடி வருவதால் காத்திருப்பு 4 நிமிடம். 5, 4, 22, 5. மொத்தம் 36 நிமிடம். நிமிடங்களை வெறுமே கூட்டினால் வரும் விடை இது. எங்கள் தொழிலில் நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை ஓடும் வண்டியில் இருக்கும் இரண்டு நிமிடமாக எடுப்பது வழக்கம், ஏனென்றால் மனிதர்கள் அதை அப்படித்தான் உணர்கிறார்கள். அந்த எடையைச் சேர்த்தால் வாரத்தில் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வராத பஸ்ஸுக்கும் நான்கு நிமிடத்துக்கு ஒன்று வரும் பஸ்ஸுக்கும் உள்ள இடைவெளி இன்னும் அகலமாகும்.

பஸ் எல்லாவற்றுக்கும் போதும் என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 70 பேர் என்றால் ஒரு திசையில் மணிக்கு 4,200 பேர். அதற்கு மேல் பஸ்ஸை நெருக்கினால் சிக்னலில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், வேகம் போய்விடும். முந்திச் செல்ல இடமும் பெரிய நிலையங்களும் கட்டினால் இதை இரண்டு மூன்று மடங்காக்கலாம், ஆனால் அதற்கு அகலமான சாலை வேண்டும். சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி ரயிலில் சுமார் 1,250 பேர் போகலாம். மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மணிக்கு 25,000. அண்ணா சாலைக்கு அந்த அளவு தேவை இருக்கிறது, மெட்ரோ சரி. எல்லாச் சாலைக்கும் அது இருக்கிறதா என்பதுதான் ஆய்வு செய்கிறவன் கேட்க வேண்டியது.

சென்னையில் நாங்கள் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி பறக்கும் ரயிலில் கற்றது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல் வந்தது. 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகிறது. வீடுகளை இடித்து நிலம் எடுக்கும் தொல்லை குறைவு என்பதால் கால்வாய்க் கரை. பாதையைத் தேர்ந்தெடுத்த காரணம் நிலம் கிடைத்தது என்பதே. மக்கள் எங்கே இருக்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்பது பின்னால் போயிற்று. நிலையத்தைச் சுற்றி அரை கிலோமீட்டர் வட்டம் போட்டு எத்தனை பேர் நடந்து வருவார்கள் என்று கணக்கிடுவோம். கால்வாய்க் கரையில் அந்த வட்டத்தைப் போட்டால் பாதி வட்டம் எதிர்க்கரையில் விழும். பாலம் எங்கேயோ இருக்கும். மேலே பிரம்மாண்டமாகக் கட்டிடம், உள்ளே கடைகளுக்கென்று விட்ட இடம் பல வருடம் இருட்டாகக் கிடந்தது. பஸ் நிறுத்தம் எதிரே இல்லை, ஆட்டோ நிற்க இடம் இல்லை, இருட்டிய பிறகு பெண்கள் அந்தப் படிகளில் தனியாக ஏறத் தயங்கினார்கள். வேளச்சேரி வரை நீண்ட பிறகுதான் கூட்டம் வந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை 5 கி.மீ. நீட்டிப்பு 2008இல் தொடங்கி, அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் நின்றது. அந்த 5 கி.மீ. மட்டும் அப்போதே முடிந்திருந்தால் புறநகர் ரயிலும் பறக்கும் ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். இந்த ஊரின் தெற்குப் பகுதி முழுக்க வேறுவிதமாகப் பயணம் செய்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதோடு கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலை வைத்துப் பாருங்கள். 1931இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் கால் வைக்கும் இடம் ரங்கநாதன் தெரு. பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்தத் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்தவை. அந்த ரயிலுக்கு யாரும் விளம்பரம் செய்யத் தேவைப்படவில்லை.

மோனோ ரயில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006இல் சென்னைக்கு மோனோ என்றார்கள். ஆட்சி மாறியதும் மெட்ரோ வந்தது. 2011இல் மறுபடி மோனோ. முதல் கட்டமாக 57 கி.மீ.: வண்டலூர்–வேளச்சேரி, பூந்தமல்லி–கத்திப்பாரா, பூந்தமல்லி–வடபழனி. டெண்டர் விட்டார்கள், ரத்து செய்தார்கள், மறுபடி விட்டார்கள். ஒரு தூண்கூட எழும்பவில்லை. தொழில் முறையில் எனக்கு அப்போதே இருந்த தயக்கங்கள் மூன்று. ஒற்றை உத்திரத்தின்மேல் கவ்விக்கொண்டு ஓடும் வண்டி நடுவில் நின்றுவிட்டால் பயணிகள் இறங்கி நடக்கப் பாதை இல்லை. தடம் மாற்ற வேண்டுமென்றால் உத்திரமே நகர வேண்டும். உலகத்தில் இதைச் செய்கிறவர்கள் சில பேர்தான், ஒருவரிடம் வாங்கினால் உதிரி பாகத்துக்கும் அவரிடமே போக வேண்டும். மும்பையில் 2014இலும் 2019இலும் இரண்டு கட்டமாகத் திறந்த 19.5 கி.மீ. மோனோவில் எதிர்பார்த்த கூட்டம் ஏறவில்லை. 2025 ஆகஸ்ட் மழையில் நடுவழியில் நின்ற வண்டியிலிருந்து தீயணைப்புத் துறையினர் கிரேன் வைத்துப் பயணிகளை இறக்கினார்கள். அடுத்த மாதம் சேவையே நிறுத்தி வைக்கப்பட்டது. சென்னையில் அன்று மோனோவுக்குக் குறித்த வடபழனி–பூந்தமல்லி வழியில் இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் தடம் போகிறது. அந்த வழியில் பயணிகள் இருக்கிறார்கள் என்பது அன்றும் தெரியும். எந்த வண்டி என்று சண்டை போட்டதில் அவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. அந்தப் பத்து வருடமும் அவர்கள் பஸ்ஸில்தான் போனார்கள். அந்தப் பஸ்ஸைச் சீர்செய்ய யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை.

தனி லேன் என்று சொன்னால் உடனே டெல்லியைச் சொல்வார்கள். 2008இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கி.மீ. போட்டார்கள், 2016இல் எடுத்தார்கள். அதே காலத்தில் 2009இல் அகமதாபாத்தில் தொடங்கிய ஜன்மார்க் நீண்டுகொண்டே போனது. டெல்லியில் துண்டாக ஒரு பகுதி, எல்லா பஸ்ஸும் உள்ளே வரலாம், சந்திப்புகளில் நீண்ட சிக்னல். அகமதாபாத்தில் தனி பஸ், பிளாட்பார உயரத்தில் ஏறும் நிலையம், ஏறும் முன்பே டிக்கெட். சென்னையிலும் பல முறை திட்டம் தீட்டினார்கள். ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "இருக்கிற ரோட்டுல ஒரு லேனை எடுத்துட்டா கார் எங்க சார் போகும்?" அந்த லேனில் இப்போது கார்களில் மணிக்கு எத்தனை பேர் போகிறார்கள், பஸ்ஸுக்குக் கொடுத்தால் எத்தனை பேர் போவார்கள் என்ற தாள் என் பையில் எப்போதும் இருக்கும். காரில் சராசரியாக ஒன்றரை பேர், ஒரு லேனில் மணிக்கு 1,000 கார் என்றாலும் 1,500 பேர். பஸ்ஸின் எண்ணை மேலே சொல்லிவிட்டேன்.

ஷேர் ஆட்டோக்காரர்களை அதிகாரிகள் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். எனக்கு அவர்கள்தான் ஊரின் நேர்மையான ஆய்வாளர்கள். கையில் காசு போட்டு வண்டி வாங்கியவர், ஆள் இல்லாத தெருவில் ஓட்ட மாட்டார். ஒரு பகுதிக்கு வேலைக்குப் போனால் முதல் நாள் காலையில் ஷேர் ஆட்டோ எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது, எவ்வளவு வாங்குகிறார்கள் என்று வரைபடத்தில் குறித்துவிடுவேன். பஸ் எங்கே தவறவிட்டிருக்கிறது என்பது அந்தக் கோடுகளில் தெரியும். மெட்ரோ நிலையத்துக்கு இணைப்பு வண்டி எங்கே வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

சென்னையில் இப்போது நிலைமை கொஞ்சம் மாறிவருகிறது. போக்குவரத்து அமைப்புகளை ஒருங்கிணைக்க 2010இல் சட்டம் போட்டு உருவாக்கிய கும்டா ஆணையம், பன்னிரண்டு வருடம் கழித்து 2022இல் முதல் கூட்டத்தை நடத்தியது. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்று' செயலி வந்தது. தாழ்தளப் பேருந்துகளும் மின்சாரப் பேருந்துகளும் வந்திருக்கின்றன. மாநகரப் பேருந்துகளில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள், மெட்ரோவில் சுமார் 3 லட்சம். ஆனால் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தை 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்தில் ஓடும் ரயிலுக்கு அங்கே நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. நிலம் கிடைத்த இடத்தில் முதலில் கட்டிவிடும் பழைய வழக்கம் இது.

என் இப்போதைய கவலை கோவை. அவிநாசி ரோடு, சத்தி ரோடு வழியாக 39 கி.மீ.க்கு, சுமார் 10,740 கோடி ரூபாயில் 2023இல் மெட்ரோ திட்டம் தயாரானது. 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கில் அது இல்லை என்பது முக்கியக் காரணம். 2011இன் எண்ணை வைத்து 2025இன் கோவையை அளப்பது எனக்கு ஒப்பவில்லை. 20 லட்சம் இல்லாத ஆக்ராவில் மெட்ரோ ஓடுகிறது என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சண்டையில் சரவணம்பட்டியிலிருந்து காந்திபுரத்துக்கு நாளை காலையில் மக்கள் எதில் வருவார்கள் என்ற கேள்வி காணாமல் போய்விட்டது.

கோவையின் அளவை நினைத்துப் பாருங்கள். காந்திபுரத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் 10, 12 கி.மீ.க்குள் ஊரின் பெரும்பகுதி அடங்கிவிடும். மேலே போட்ட 8 கி.மீ. கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது. நிலையத்துக்கு நடக்கும் நேரம்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். காலையில் ஹோப் காலேஜ் பக்கம் நின்றால் கண்ணில் படுவது பஸ்தான், ஆனால் அதில் பாதி கல்லூரி பஸ். பிறகு மில் வேன், கம்பெனி பஸ். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு போக்குவரத்துக் கழகம் நடத்துகிறது. இந்தப் பயணிகள் பொதுப் போக்குவரத்துக் கணக்கில் வருவதில்லை. இவர்களைச் சேர்க்காமல் கோவையில் தேவை குறைவு என்று எழுதும் அறிக்கை பாதி ஊரைப் பார்க்காத அறிக்கை. அரசு டவுன் பஸ்ஸும் தனியார் டவுன் பஸ்ஸும் ஒரே வழியில், ஒன்றின் டைமை இன்னொன்று பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. மூன்று பஸ் சேர்ந்து வரும், பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வராது. இதை நேர அட்டவணை போட்டுச் சமமாகப் பிரித்தாலே ஒரு ரூபாய் கான்கிரீட் போடாமல் காத்திருப்பு பாதியாகும்.

ரயிலும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. மேட்டுப்பாளையம் பாதையில் துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை. கிழக்கே பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர். தெற்கே போத்தனூர். ஊரைச் சுற்றித் தண்டவாளம் கிடக்கிறது, உள்ளூர்க்காரர் நம்பி ஏறும் அளவுக்கு வண்டிகள் இல்லை. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. மேலே போகும் கார்களால் கீழே சாலையில் இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடம் பார்க்கிங்காக மாறும் முன்பு பஸ்ஸுக்குக் குறித்துவிட வேண்டும். பின்னால் கேட்டால் கிடைக்காது. இந்தத் தொழிலில் அதைப் பல சாலைகளில் பார்த்துவிட்டேன்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027இல். அந்த எண் வந்தால் கோவையின் மெட்ரோ கோப்பு மறுபடி டெல்லிக்குப் போகும். போக வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அதற்குள் சத்தி ரோட்டில் காந்திபுரம், கணபதி, சரவணம்பட்டி வரை பஸ்ஸை முழு பலத்தோடு ஒரு வருடம் ஓட்டிக் காட்டலாம். நான்கு நிமிடத்துக்கு ஒரு தாழ்தளப் பேருந்து, காலையும் மாலையும் தனி லேன், சந்திப்புகளில் பஸ்ஸுக்கு முன்னுரிமை சிக்னல், இரண்டு கதவிலும் ஏறும்படி டிக்கெட் ஏற்பாடு, உள்தெருக்களிலிருந்து மினி பஸ் இணைப்பு. போக வர ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் 23 பஸ், மாற்றுக்கு இரண்டு மூன்று. பஸ்ஸை வாங்குவது கடினமில்லை. ராத்திரி அவற்றை நிறுத்திச் சார்ஜ் ஏற்ற ஐந்து கி.மீ.க்குள் ஒரு டிப்போ வேண்டும், தூரத்தில் அமைந்தால் காலி ஓட்டத்திலேயே நேரமும் மின்சாரமும் போய்விடும். கணபதிப் பக்கம் அதற்கு நிலம் பார்க்கும் வேலையை இந்த வருடமே தொடங்கிவிடலாம்.